மூடிக் கிடந்த ஸ்டேசனிலிருந்து வந்த மணி

மாஸ்டர் பொத்தானை ஒரு முறை அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். சிவப்பு மரப்பெட்டி சும்மா இருந்தது.

நாவலப்பிட்டி ஸ்டேசன் மாஸ்டரின் அறைக்குள் நாங்கள் நால்வர் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். மாஸ்டர், குட்ஷெட்டில் கிளார்க்காக இருந்த என் அப்பா, ட்ரொலி தள்ளும் ராமையா அண்ணன், பிறகு நான். வெளியே பிளாட்ஃபாரத்து வாங்கில் என் அக்கா புஷ்பம் உட்கார்ந்திருந்தாள். வாங்கின் விளிம்பை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் மூச்சு விடுகிற சத்தம் அறைக்குள் கேட்டது. அவள் வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது.

"இன்னொருக்கா அடிச்சுப் பாருங்க மாஸ்டர்" என்றார் அப்பா.

"அவசரப்படாதையும். அங்கால ஆள் இருந்தால் வரும்" என்றார் மாஸ்டர்.

அங்கால, அதாவது அடுத்த ஸ்டேசனில், ஆள் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். இருந்தும் அந்த மனுஷர் பெட்டியின் மேல் காதை வைக்காத குறையாகக் குனிந்து நின்றார்.

போன கிழமை இந்தத் தொடரில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்ட கதையை எழுதியதற்கு ஒரு வாசகர் கோபித்திருக்கிறார். "முற்றுகையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லி எத்தனை கிழமையாக எங்களைப் பாலத்திலேயே நிறுத்தி வைத்திருப்பீர்கள் அம்மா?" என்று கேட்கிறார். நியாயமான கோபம்தான். உண்மையைச் சொன்னால், இந்த அத்தியாயத்தைத் தொடப் பயந்துதான் பாலத்தில் நின்றேன். இதை நினைக்கிறபோது இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அதை எப்படிக் காகிதத்தில் இறக்குவது என்று தெரியவில்லை.

யானை இல்லாத முற்றுகை

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே தெற்கிலும் ஒரு நெருப்புப் பற்றியிருந்த காலம். அங்கே சிங்களப் பிள்ளைகளே அரசாங்கத்துக்கு எதிராகக் காட்டுக்குப் போயிருந்தார்கள். எங்களைப் போன்ற ஊர்கள் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கின.

காட்டில் இருந்தவர்கள் கடை திறக்கக் கூடாது, பஸ் ஓடக் கூடாது, ரயில் ஓடக் கூடாது என்றார்கள். வேலைக்குப் போகிறவனுக்கு மரணம் என்று சுவரில் போஸ்டர் இருந்தது. ஆமி வந்து ஊரடங்கு போட்டு, வாசலுக்கு வந்தால் சுடுவோம் என்றது. கம்பளைப் பாதையில் மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஹட்டன் பக்கத்தில் பாதைக்கு அடியில் தண்ணீர் போகிற ஒரு போக்கு உடைந்து கிடந்தது. மின்சாரம் இல்லை, டெலிபோன் இல்லை. உள்ளே இருந்தவர் வெளியே போக முடியாது, வெளியே இருந்தவர் உள்ளே வர முடியாது.

முற்றுகை என்றால் கோட்டை, அகழி, யானைப்படை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். எங்கள் முற்றுகையில் யானையைக் காணவில்லை. ஈரப்பலாக்காய்தான் இருந்தது. காலையில் அவித்த ஈரப்பலா, மத்தியானம் ஈரப்பலாக் கறி, இரவில் மத்தியானத்து மிச்சம். அம்மா ஒரு நாள் அதைத் தேங்காயோடு பிசைந்து வைத்துவிட்டு, "இன்னைக்கு வேற சாப்பாடு" என்றாள். அப்பா வாயைத் திறக்கவில்லை. அப்பா வாயைத் திறக்காமல் சாப்பிட்டது என் நினைவில் அந்த ஒரு நாள்தான்.

ஆனால் எங்களை வாட்டியது பசியல்ல, சத்தமில்லாமைதான். நாவலப்பிட்டிக்காரர்களுக்குக் கடிகாரம் தேவையில்லை. விடியக் குட்ஸ் வண்டி போனால் அடுப்பு மூட்டுவோம், பதுளை வண்டி வந்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஓடும். எஞ்சின் மாற்றுகிற இடிச்சத்தத்தில்தான் எங்கள் வீட்டுக் கைக்குழந்தைகள் தூங்கும். அந்தச் சத்தம் நின்றதும் ஊரே விழித்துக்கொண்டது. மகாவலி ஓடுகிற சத்தத்தை நான் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குள் இருந்து கேட்டது அந்த நாட்களில்தான். கொழுந்து பறிக்க ஆளில்லாமல் மலைத் தேயிலை ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றது. காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் பச்சை வாடை வீடு முழுக்க நிறைந்துவிடும்.

வளையம் இல்லாவிட்டால் வண்டி இல்லை

சிவப்புப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மலைநாட்டு லைனில் இருப்பது ஒற்றைத் தண்டவாளம். போகிறதும் அதில்தான், வருகிறதும் அதில்தான். எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் முட்டாமல் இருக்க வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு ஸ்டேசனிலும் ஒரு பெட்டி; ஊரில் மின்சாரம் போனாலும் அது தன் பேட்டரியிலும் தனிக் கம்பியிலும் வேலை செய்யும். அதற்குள் உள்ளங்கை அளவு வட்டத் தகடுகள். தகட்டைத் தோல் பைக்குள் போட்டு, பையைப் பெரிய வளையத்தில் மாட்டி டிரைவரின் கையில் கொடுப்பார்கள். கையில் தகடு இருந்தால்தான் அடுத்த ஸ்டேசன்வரை போகலாம்.

அந்தத் தகட்டை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. இங்கிருந்து மணி அடித்து, என்ன வண்டி வருகிறது என்று மணியிலேயே சொல்ல வேண்டும். அடுத்த ஸ்டேசன்காரர் அதே அடியைத் திருப்பி அடித்து, தன் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் இங்கே பெட்டி திறந்து ஒரு தகட்டைத் தரும். அது வெளியே இருக்கும்வரை இரண்டு பக்கப் பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். இன்னொரு வண்டி உள்ளே வர வழியே இல்லை. இரண்டு கை சேர்ந்தால்தான் ஒரு வண்டி நகரும்.

இதை எங்கள் டிரைவர்கள் வேதமாக வைத்திருந்தார்கள். அந்த முற்றுகை நாட்களிலேயே ஒரு டிரைவரை ஆமி வீட்டிலிருந்து கூட்டிவந்து எஞ்சினில் ஏற்றி, துப்பாக்கியைக் காட்டி, எடு என்றதாம். அவர், "வளையம் கொடுங்கள், எடுக்கிறேன்" என்றாராம். சுடுவேன் என்றதற்கு, "சுட்டாலும் வளையம் வேண்டும்" என்றாராம். கடைசியில் ஆமியே கம்பளை ஸ்டேசனில் ஆள் பிடித்து உட்கார வைத்து முறைப்படி வளையம் எடுத்துக் கொடுத்ததாக அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்பாவுக்கு ரயில்வேயைத் தவிர வேறு எதிலும் அவ்வளவு பெருமை கிடையாது, எங்களையும் சேர்த்துத்தான்.

மத்தியானத்துக்குள்

அன்று விடிய அக்காவுக்கு வலி தொடங்கியது. அவள் புருஷன் கொழும்பில் மாட்டிக்கொண்டிருந்தார். ஆமிக்காரர் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் காட்டினோம். மருத்துவிச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை ஒரு பக்கமாக அழைத்தார்.

"புள்ள குறுக்கே கெடக்கு. ஆபரேசன் பண்ணித்தான் எடுக்கணும். அந்த டாக்டர் பாதை மூடினதுல கண்டியில நிக்கிறாரு. மத்தியானத்துக்குள்ள கொண்டு போயிருங்க. இங்க வச்சிருந்தா ரெண்டு உசுரும் தங்காது."

எதில் கொண்டு போவது? வாகனம் போகிற பாதை ஒன்றுமில்லை. அப்பா நேராக ராமையா அண்ணனின் லைன் வீட்டுக்கு நடந்தார்.

ட்ரொலி என்பது நான்கு சக்கரத்தில் ஒரு பலகை. அதன் மேல் ஒரு வாங்கு. லைனைப் பார்வையிடப் போகிற பெரியவர்கள் அதில் குடை பிடித்து உட்காருவார்கள். இரண்டு பேர் வெறுங்காலோடு தண்டவாளத்தின் மேலேயே ஓடித் தள்ளுவார்கள். களைத்தால் அடுத்த இருவர் இறங்குவார்கள். ராமையா அண்ணன் கேட்டதும் எழுந்து சட்டையைப் போட்டார். "எறக்கந்தான சார். கம்பள வரைக்கும் வண்டி தானா ஓடும். நாம புடிச்சுக்கிட்டா போதும்" என்றார். தன்னோடு ட்ரொலி தள்ளுகிற பண்டாவையும் இன்னும் இருவரையும் கூப்பிட்டு வந்தார். பண்டாவின் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததை நான் பார்த்தேன். அவர் வந்தார்.

ஸ்டேசனுக்கு எதிரே கடை வைத்திருந்த ஹனீபா நானா பின்பக்கமாக ஒரு மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். கடை திறந்தால் சாவு என்று போஸ்டர் இருக்கிறதே என்று அப்பா பதறினார்.

"கடையத் தொறக்காதீங்கன்டுதான் எழுதி ஈக்கி. பின்கதவப் பத்தி ஒண்டும் எழுதல்லயே" என்றார் நானா. பிறகு அக்காவைப் பார்த்து, "பயப்படாதீங்கோ மகள். அல்லாஹ் காவல்" என்றார்.

ஆபத்து வேறிடத்தில் இருந்தது. ஆமி எஞ்சின், முன்போல ஆள் பிடித்து வைத்து வளையம் எடுத்துக்கொண்டு, கம்பளையிலிருந்து எந்த நேரத்தில் ஏறி வரும் என்று யாருக்கும் தெரியாது. வளைவில் எதிரே வந்தால் ட்ரொலியைத் தூக்கி ஓரத்தில் வைக்க நேரம் இருக்காது. தகட்டை எடுத்துவிட்டால் எஞ்சின் உள்ளே வராது. தகடு வேண்டுமானால் அடுத்த ஸ்டேசனில் ஒரு கை வேண்டும். அந்த ஸ்டேசனின் மாஸ்டரை ஒரு கிழமைக்கு முன் யாரோ வந்து கூட்டிப்போயிருந்தார்கள். காட்டுக்காரர்களா, எதிர்ப்பக்கத்தவர்களா என்பது இன்றுவரை தெரியாது. ஸ்டேசன் மூடிக் கிடக்கிறது என்றே கேள்வி.

எங்கட ஆக்கள் விடுற பிழை

எங்கள் மாஸ்டர் யாழ்ப்பாணத்தவர். வடக்கு ரயில் நின்று பல காலமாகிவிட்டதால் பெண்டாட்டி பிள்ளைகளைக் காணாமல் ஸ்டேசனிலேயே குடியிருந்தவர். போஸ்டர் ஒட்டிய பிறகும் அவர் அறையைப் பூட்டவில்லை. "நான் எங்க போறது? எனக்கு இதுதான் வீடு" என்பார்.

இரண்டாம் முறை அழுத்தினார். ஒரு அடி. காத்திருந்தோம். மேற்கூரைத் தகரத்திலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

பெட்டி 'டிங்' என்றது.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். மூடிக் கிடக்கிற ஸ்டேசனில், ஆளில்லாத அறையில், யாரோ பொத்தானில் விரல் வைத்திருக்கிறார்கள்!

மாஸ்டர் மூச்சை இழுத்துக்கொண்டு ட்ரொலிக்கான அடியை அடித்தார். அதே அடி திரும்பி வர வேண்டும். வந்தது வேறு அடி. மூன்று வேகமாக, ஒரு நிறுத்தம், பிறகு இரண்டு.

"இது குட்ஸ் வண்டிக்கான அடி" என்றார் அப்பா. அவர் முகம் வெளிறிவிட்டது. "மாஸ்டர், வேண்டாம். இது அவரு இல்ல. யாரோ உக்காந்துகிட்டு நம்மள வரச் சொல்றானுங்க."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு அந்த அடியை விரலால் மேசையில் தட்டிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"துவக்கோட வந்தவனுக்குப் பெட்டியில எங்க அழுத்துறது எண்டே தெரியாது. வேலை படிச்சவன் இந்தப் பிழையை விடான். இது படிக்காமல் கேட்டுக் கேட்டுப் பழகின கை. விடியக் குவார்ட்டர்ஸ் குசினிக்குள்ள அடுப்படியில நிண்டு, சுவருக்கு அங்கால குட்ஸ் மணியை வருஷக்கணக்காக் கேட்ட ஆள். பிழைதான். ஆனால் எங்கட ஆக்கள் விடுற பிழை."

"நிச்சயமா?"

"நிச்சயமில்லை. என்ர மனம் சொல்லுது. பிள்ளையைக் கேப்பம்."

வெளியே வந்து அக்காவின் முன் குந்தினார். உள்ளே நடந்ததை மறைக்காமல் சொன்னார். "போனால் அங்க ஆர் நிக்கினம் எண்டு எனக்குத் தெரியாது. போகாட்டி என்ன நடக்கும் எண்டு உமக்குத் தெரியும். நீர் சொல்லும் பிள்ளை."

அக்கா நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தாள். என் அக்கா கரப்பான்பூச்சிக்குப் பயந்து கட்டிலில் ஏறி நிற்கிறவள். அவள் கேட்டாள்:

"பதில் வந்துச்சா இல்லையா மாஸ்டர்?"

"வந்தது. ஓம்."

"மனசில்லாதவங்க எதுக்குப் பதில் சொல்றாங்க? போவோம்."

மாஸ்டர் உள்ளே போய் மறுபடியும் ட்ரொலி அடியை அடித்தார், இந்த முறை நிதானமாக, பாடம் சொல்வதுபோல. அதே நிதானத்தில், அதே அடி திரும்பி வந்தது. பெட்டியில் இருந்த ஊசி நகர்ந்தது. 'கடக்' என்று தகடு வெளியே வந்தது. மாஸ்டர் அதைப் பைக்குள் போட்டு வளையத்தை என் கையில் தந்தார். அது அவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ராமையா அண்ணனிடம் அவர் சொன்ன கடைசி வார்த்தை இதுதான்: "அங்க போய்க் கதவைத் தட்டாதை. ஆர் எண்டு பாக்காதை. ஜன்னலுக்குள்ள வளையத்தை நீட்டு. நாளைக்கு ஆரும் உங்களைப் பிடிச்சுக் கேட்டால், பாக்கேல்லை எண்டு நீங்கள் உண்மையாச் சொல்ல வேணும்."

தண்டவாளத்தின் மேல்

பிளாட்ஃபாரத்தின் கோடியில் ஓர் ஆமிப் பையன் காவல் நின்றான். நாங்கள் மெத்தையை விரித்து அக்காவைப் படுக்க வைத்ததைப் பார்த்தான். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மலையைப் பார்க்கத் தொடங்கினான். நாங்கள் போய்ச் சேரும்வரை அப்படியே நின்றிருப்பான் என்று நினைக்கிறேன்.

ட்ரொலியில் இடமில்லாததால் அப்பா மாஸ்டரோடு நின்றுவிட்டார். ராமையா அண்ணனும் பண்டாவும் தண்டவாளத்தில் ஏறினார்கள். இரண்டு விரல் அகல இரும்பு, அதுவும் மழையில் நனைந்தது. அதன் மேல் மனிதர்கள் ஓடுவதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் ட்ரொலியில் உட்கார்ந்து, அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் திரும்பிப் பார்த்தது அன்றுதான். அவர்கள் கீழே பார்க்கவேயில்லை. பாதம் தானாக இரும்பைத் தேடிப் பிடித்தது. இறக்கம் வந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் தாவி ஏறி பிரேக்கைப் பிடித்தார்கள். காற்று முகத்தில் அடித்தது. ஒரு பக்கம் மகாவலி மண்நிறத்தில் புரண்டுகொண்டு வந்தது.

"தங்கச்சி, கண்ண மூடிக்க. வளைவு வருது" என்பார் ராமையா அண்ணன். அக்கா ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடினாள். நான் மூடவில்லை. வளையம் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. எதிரே எஞ்சின் வராது, வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னை அந்த வளைவுகளில் காத்தது சாமி அல்ல, முகம் தெரியாத ஒருவர் பொத்தானில் வைத்த விரல். அதை நினைக்க நினைக்க எனக்கு அழுகை வந்தது.

ஓரிடத்தில் மூங்கில் புதர் சரிந்து லைனில் கிடந்தது. அக்காவால் எழும்ப முடியவில்லை. நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என்னை இறங்கச் சொல்லிவிட்டு, ட்ரொலியை மெத்தையோடும் அக்காவோடும் சேர்த்துத் தூக்கினார்கள். சேற்றில் கணுக்கால் புதைய, மூங்கிலைச் சுற்றி நடந்து, மறுபக்கத் தண்டவாளத்தில் ஆடாமல் இறக்கி வைத்தார்கள். பண்டாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

கை

அந்த ஸ்டேசனின் பெயரை எழுத மாட்டேன். சின்ன ஸ்டேசன். பிளாட்ஃபாரத்தில் செவ்வரளி பூத்திருந்தது. மாஸ்டர் அறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. ஒரு ஜன்னல் மட்டும் கை நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது.

ராமையா அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீ குடு புள்ள" என்றார். மற்ற மூவரும் ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வளையத்தை நீட்டினேன்.

உள்ளிருந்து ஒரு கை வந்து அதை வாங்கியது.

பெண்ணின் கை. விரல்களில் துருவிய தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. மணிக்கட்டில் பௌத்தர்கள் ஓதிக் கட்டுகிற பிரித் நூல், வெள்ளை மங்கிப் பழுத்துப்போனது. அவ்வளவுதான் நான் பார்த்தது. உள்ளே மணி அடிக்கிற சத்தம் கேட்டது. கம்பளையிலிருந்து பதில் வந்தது. மறுபடி அந்தக் கை வெளியே வந்தபோது அதில் அடுத்த வளையம் இருந்தது. வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

"இன்ன" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். சிங்களத்தில், இருங்கள் என்று.

காலடிச் சத்தம். பிறகு ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு குஷன் நசுங்கிப் பிதுங்கி வெளியே வந்தது. ஸ்டேசன் மாஸ்டரின் கதிரையில் உட்காரப் போடுகிற சதுரக் குஷன். ஒரு மூலையில் நீல மைக்கறை. அக்காவின் இடுப்புக்கு என்று சொல்லாமலே புரிந்தது. நாங்கள் அவரைப் பார்க்கவில்லை, அவர் எங்களைப் பார்த்திருக்கிறார்.

கம்பளைக்கு அப்பால் பாதை திறந்திருந்தது; அங்கே ஓர் ஆமி லொறி கிடைத்தது. மத்தியானம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கண்டி ஆஸ்பத்திரியில் பிள்ளையை வெட்டி எடுத்தார்கள். பெண் பிள்ளை. நீலம் பாரித்திருந்தவள் தட்டியதும் கத்தினாள். அந்தக் கத்தலைக் கேட்டுக் கதவுக்கு வெளியே நின்ற ராமையா அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் உள்ளங்கால் இரண்டிலும் தோல் உரிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

குஷன்

நன்றி சொல்லப் போக வேண்டும் என்று அக்கா துடித்தாள். மாஸ்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "நன்றி சொல்லப் போய் அந்த மனுசியைச் சாகக் குடுக்காதையுங்கோ. அந்த வாசலுக்கு ஒருத்தரும் போகப்படாது." சில காலம் கழித்து மாஸ்டர் ஊர் திரும்பினார். காடும் அடங்கியது. நாங்கள் போனபோது அந்த ஸ்டேசன் குவார்ட்டர்ஸில் வேறு குடும்பம் இருந்தது. கேட்டால் தெரியாது என்றார்கள். அந்தக் காலத்தில் எதைக் கேட்டாலும் தெரியாதுதான்.

பிள்ளை சுபா அந்தக் குஷனில்தான் தூங்கினாள். உறை எத்தனையோ மாறியது. உள்ளே இலவம் பஞ்சு அதேதான்.

போன வருஷம் அக்கா போய்ச் சேர்ந்தாள். அலுமாரியை ஒதுக்கும்போது சுபா குஷனை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "சித்தி, இதக் குடுத்தவங்களப் பாக்கணும்" என்றாள். கண்டி மஹய்யாவயில் மகள் வீட்டில் இருக்கிற ராமையா அண்ணனிடம் போனோம். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது.

"அந்தம்மாவா? லைன விட்டுத் தள்ளி, அவங்க தம்பி வீட்டுலதான் இருக்காங்க" என்றார் சாதாரணமாக.

"தெரிஞ்சுகிட்டே ஏன் அண்ணே சொல்லல?"

"மாஸ்டர் சொல்லாதேன்னாரு. அப்புறம் சொல்லுன்னு யாரும் சொல்லலியே."

மழையில் மண் சரிந்து லைன் மூடியிருந்ததால் பஸ்ஸில் போனோம். வாசலில் ஒரு கிழவி. வெள்ளைச் சட்டை, வெள்ளை முடி. மணிக்கட்டில் புதிய பிரித் நூல். அந்தக் கையை நான் அடையாளம் கண்டேன். நான் அழத் தொடங்கியதால் சுபாதான் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். கிழவி முழுவதையும் கேட்டார். பிறகு பேசினார்.

"என் கணவரைக் கொண்டுபோன பிறகு அந்தப் பெட்டி அடிக்கவேயில்லை. அன்றைக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. அவர்தான் என்று ஓடினேன். எங்கேயோ ஒரு ஸ்டேசனில் நின்று, நான் இருக்கிறேன் என்று எனக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பின்கதவைத் திறந்து உள்ளே போனபோது மறுபடி அடித்தது. அவர் இல்லை. அவர் அடித்தால் மணி கொஞ்சம் இழுபடும்."

"அவர் இல்லையென்று தெரிந்த பிறகும் ஏன் பதில் அடித்தீர்கள் அம்மா?" என்று கேட்டாள் சுபா. "உங்களைக் கொன்றிருப்பார்களே."

கிழவி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டுப் பதில் வராமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், மகளே. ஒரு கிழமையாக நான் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்."

கணவர் திரும்பி வந்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை. சுவரில் அவர் படம் இருந்தது. அதற்கு மாலை போடவில்லை. இன்னும் போடவில்லை.

சுபா பையிலிருந்து குஷனை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தாள். கிழவி உறையை விலக்கி, உள்ளே பழைய துணியில் மங்கிப்போன நீல மைக்கறையை விரலால் தேடிக் கண்டுபிடித்தார். அந்தப் படத்துக்குக் கீழே, ஜன்னலோரம், ஒரு மரக்கதிரை வெறுமையாக இருந்தது. நாங்கள் வந்ததிலிருந்து எங்களில் யாரையும் அவர் அதில் உட்காரச் சொல்லியிருக்கவில்லை. எழுந்து போய்க் குஷனை அதில் வைத்தார். மூலைகளை நீவி, நடுவில் இரண்டு தடவை தட்டினார்.

"வாடிவென்ன துவே" என்றார். உட்கார் மகளே.

சுபா என்னைப் பார்த்தாள். பிறகு போய் உட்கார்ந்தாள்.